இரையிட்டு எடுத்த படம்

கொல்லிமலைக்குச் சென்று திரும்புவோர் மிளகும் பலாவும் மலைவாழையும் கொண்டுவந்த காலம் ஒன்றுண்டு. இன்றும் கொண்டுவருகிறார்கள், அவற்றோடு பறவைப் படங்களும் மலையிறங்குகின்றன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடைந்து, ஓரிரவு தங்கி, மறுநாள் நண்பகலுக்குள் பத்துப் பன்னிரண்டு பறவைகளைப் படமெடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள் நம் ஒளிப்பட நண்பர்கள். படங்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. இறகின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்மணியில் வானம் தெரிகிறது. பின்புலமோ பச்சைப் பட்டு விரித்தாற்போல் மாசுமருவற்றது. 'அருமை', 'தவம்', 'பொறுமைக்குக் கிடைத்த பரிசு' என்று பாராட்டுகள் குவிகின்றன. அந்தப் பறவை அந்தக் கிளையில் ஏன் வந்து அமர்ந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே இக்கட்டுரை. நம் விடையையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். இரை வைத்து வரவழைத்து எடுக்கப்படும் பறவைப் படம் வேட்டையின் கருவிகளைக் கடன் வாங்கி எடுக்கப்பட்ட படம். அதனை இயற்கையின் பதிவு என்று சொல்லிக் காட்டுவது பொய். இந்தப் பழக்கத்திற்குக் கொல்லிமலை இன்னும் முழுமையாக ஆட்பட்டுவிடவில்லை. ஆட்பட்டபின் பேசிப் பயனில்லை. ஆகவே இப்போதே பேசவேண்டியிருக்கிறது.

முதலில், நடப்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். முறைகள் பலவகை. எளியது பழம். பாசி படர்ந்த கிளை ஒன்றை வெட்டிவந்து வெட்டவெளியில் நட்டு, கேமராவின் கண்ணுக்குப் படாத பின்பக்கத்தில் வாழைப்பழத்தையோ பப்பாளித் துண்டையோ செருகிவிடுவார்கள். சின்னானும் குக்குறுவானும் தேடிவரும். பூச்சி தின்னும் பறவைகளுக்கென்று விலைக்கு வாங்கிய வளர்ப்புப் புழுக்கள். மீன்கொத்திக்குத் தொட்டியில் விட்ட உயிர்மீன். ஆந்தைக்கு உயிருள்ள எலி. இவை எதற்கும் மசியாத பறவைக்குக் கைப்பேசியில் அதன் இனத்துக் குரல். தன் எல்லைக்குள் பகைவன் புகுந்துவிட்டான் என்று பதறி ஓடிவரும் ஆண்பறவையின் சினத்தைத்தான் நாம் 'கம்பீரம்' என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம். கேரளத்துத் தட்டேக்காடு, கர்நாடகத்துக் கணேஷ்குடி, உத்தராகண்டத்துச் சாத்தால் ஆகிய இடங்களில் தண்ணீர்த் தொட்டியும் தீனியும் வைத்த ஒளிப்பட மறைவிடங்கள் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கின்றன. மறைவிடத்தில் ஓர் இருக்கைக்கு இவ்வளவு என்று கட்டணம்.

சில மாதங்களுக்கு முன் மாணவர்களோடு செம்மேடு சென்றிருந்தபோது, ஒரு தங்குமிடத்தின் பின்கட்டில் இதே ஏற்பாட்டின் சிறு வடிவம் ஒன்றைக் கண்டோம். நட்டுவைத்த கிளை, அதன் பின்னே பழம், பத்தடி தள்ளி ஒரு பச்சைத் திரை. பணியிலிருந்த உள்ளூர் இளைஞரிடம் மாணவி ஒருத்தி, "பழம் படத்துல தெரியாதாங்கண்ணா?" என்று கேட்டாள். "தெரியக்கூடாதுன்னுதானுங்க பின்னாடி வெக்கறோம்" என்றார் அவர். அந்த இளைஞரிடம் ஒளிவுமறைவு இல்லை, கேட்டவுடன் சொல்லிவிட்டார். அங்கே எடுத்த படத்தை ஊருக்குக் கொண்டுபோய், பழத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், தம் பெயரை மட்டும் மூலையில் பொறித்து உலவவிடுகிறாரே, அவரோடுதான் நமக்கு வழக்கு.

'வேட்டையின் கருவிகள்' என்று மேலே சொன்னது மிகை என்று சிலர் நினைக்கக்கூடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் தரும் 2(16)ஆம் பிரிவு, கொல்வதோடு நின்றுவிடவில்லை. பிடித்தல், துரத்துதல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல் ஆகியவற்றோடு இரை காட்டி ஈர்ப்பதையும் அதே வரிசையில் வைக்கிறது. அதற்கான முயற்சியையும் சேர்த்துக்கொள்கிறது. வாழைப்பழத் துண்டு வைத்தவர் மீதெல்லாம் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் சட்டம் எழுதியவர்களுக்கு ஒன்று புரிந்திருந்தது: காட்டுயிரின் பசியைக் கொண்டு அதனை நம் விருப்பத்திற்கு நகர்த்துவது, ஆயுதம் எதுவாக இருப்பினும், வேட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த செயல்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது. புதரில் ஒளிந்திருந்து பறவை பிடிக்கும் வேடனை வள்ளுவர் ஒரு குறளில் உவமையாக்கியிருக்கிறார், 274ஆம் குறள். அது 'கொல்லாமை' அதிகாரத்தில் இல்லை, 'கூடா ஒழுக்கம்' அதிகாரத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தவக்கோலத்தில் மறைந்துகொண்டு தகாதன செய்பவனுக்கு அந்த வேடன் உவமை. வள்ளுவர் அங்கே கண்டிப்பது மறைவை. ஒன்றாகத் தோன்றி இன்னொன்றைச் செய்வதை. இரையிட்டு எடுத்த படத்திற்குத் 'தவம்' என்று பாராட்டு எழுதுகிறவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு சொல்லும் உண்டு. பழக்கிய மானையோ பறவையையோ கட்டிவைத்து, அதைக் கண்டு அதன் இனம் நெருங்கிவரும்போது பிடிப்பது பண்டை வேடர்களின் உத்தி. அவ்வாறு கட்டிவைக்கப்பட்ட உயிருக்குச் சங்கப் பாடல்கள் தரும் பெயர் 'பார்வை'. காண்பதற்கும் கண்ணிக்கும் ஒரே சொல்! இன்றைய ஒளிப்படக்காரரின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதம் அரசு விழாவும் நடக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் வேட்டையாடியவன்தான். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஓரம்பு துளைத்துச் சென்றதாக வன்பரணர் புறநானூற்றில் (152) பாடுகிறார். வேட்டையைப் புகழ்வது நம் நோக்கமன்று. நாம் சுட்ட விரும்புவது அந்தப் பாடலின் பிற்பகுதியை. தன்னை இன்னான் என்று அறியாத பாணர் கூட்டம் பாடுகிறபோது தன் பெயர் கேட்டு அவன் நாணினான் என்கிறார் புலவர். வெளிப்படையாக நின்று எய்தான், பெயருக்கு நாணினான். நம் காலத்து வில்லாளர் உடலைத் திரைக்குப் பின்னே மறைத்துக்கொள்கிறார்; பெயரை மட்டும் படத்தின்மேல் எழுதிவிடுகிறார்.

நிற்க. எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றில் சில வலுவானவை; புறந்தள்ளிவிட முடியாதவை.

முதல் வாதம்: 'நம் பாட்டிமார் காக்கைக்குச் சோறு வைக்கவில்லையா? பறவைக்கு உணவிடுவது தமிழ்ப் பண்பாடு அல்லவா?' வைத்தார்கள். ஆனால் அந்தச் சோற்றுக்கு ஈடாகக் காக்கை வலப்பக்கம் திரும்பி, வெளிச்சம் முகத்தில் விழ, இறகை விரித்து நிற்க வேண்டும் என்று எந்தப் பாட்டியும் எதிர்பார்க்கவில்லை. உண்டால் முன்னோர் உண்டதாக நிறைவு, அவ்வளவே. மேலும் காக்கை மனிதர்களை அண்டி வாழும் ஊர்ப்பறவை. சோலைக்குள் தன் உணவைத் தானே தேடித் திரியும் பறவையை அதனோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. இராஜஸ்தானில் ஃபலோடி அருகே கீச்சன் என்ற ஊரில், குளிர்காலத்தில் வந்திறங்கும் குர்ஜா நாரைகளுக்கு ஊரார் தலைமுறைகளாகத் தானியம் இறைக்கிறார்கள். அவர்கள் கேமராவுக்காகத் தொடங்கவில்லை. ஊரே கூடிப் பொறுப்பேற்ற அறம் அது. ஒரு பருவம் முழுவதும் தவறாமல் வைக்கிறார்கள். சனிக்கிழமை வைத்துத் திங்கட்கிழமை மறந்துவிடும் தங்குமிடத் தீனியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமா? கோடையில் மொட்டைமாடியில் ஒரு சட்டி தண்ணீர் வைப்பவரையும் நாம் குறை சொல்லவில்லை. கொடுத்தல் வேறு, கொடுப்பதுபோல் காட்டி எடுத்தல் வேறு.

இங்கே திருக்கழுக்குன்றத்தையும் நினைவுகூர வேண்டும். வேதகிரீஸ்வரர் மலையில் நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து, அரிசியும் நெய்யும் சர்க்கரையும் கலந்த படையலை உண்டு செல்லும் காட்சியைக் காணப் பெருங்கூட்டம் கூடியது. சிவனிடம் சாபம் பெற்ற முனிவர்கள் என்பது ஐதிகம். பறவையியலார் கணக்கில் அவை மஞ்சள்முகப் பாறுகள். ஒருநாள் வராவிட்டால் கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறார் என்பார்கள். 1990களின் இறுதியோடு அவை வருவது நின்றுபோயிற்று. அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் சரிந்துகொண்டிருந்தன. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்லோஃபெனாக் என்ற வலிநிவாரணி, அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்பது 2004இல் நிறுவப்பட்டது. 2006இல் அம்மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடை செய்தது. திருக்கழுக்குன்றத்து இணைக்கு நேர்ந்ததும் அதுவே என்று நாம் சொல்லவில்லை. அக்காட்சி கற்பிப்பது வேறு. நாள் தவறாமல் ஒரு தட்டில் உணவு வைத்ததாலும், ஆயிரம் கண்கள் பார்த்ததாலும் ஓர் இனம் பிழைத்துவிடாது. பறவையின் வாழ்வும் சாவும் அந்தத் தட்டுக்கு வெளியே, நாம் பாராத நிலத்தில் தீர்மானிக்கப்படுகின்றன.

இரண்டாம் வாதம்: 'பறவைக்கு இதனால் என்ன தீங்கு? வயிறு நிறைகிறது, அவ்வளவுதானே?' அவ்வளவு மட்டும் இல்லை. பல பறவைகள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அலகு வைக்கும்போது நோய் பரவுகிறது. பிரிட்டனில் தோட்டத்துத் தீனிமேடைகளில் கூடும் பச்சைப் பைஞ்சுகளிடையே 2005 முதல் பரவிய டிரைக்கோமோனசிஸ் நோய் அவ்வினத்தின் பெரும்பகுதியை அழித்தது. 2021இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் அப்பறவை சேர்க்கப்பட்டது. பறவைகளை நேசிப்பவர்கள் அன்போடு வைத்த தீனியாலேயே அது நடந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இரைக்குக் கூடும் சிறுபறவைகளை வைரி கவனித்துக்கொண்டிருக்கிறது, பூனையும் கவனித்துக்கொண்டிருக்கிறது. வட அமெரிக்காவில் பனி ஆந்தைகளுக்கு எலியை எறிந்து படமெடுக்கும் வழக்கம் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. மனிதர்களோடும் சாலையோரத்தோடும் உணவை இணைத்துப் பழகிய ஆந்தை வாகனத்தில் அடிபடுகிறது. இவ்வளவு தொலைவுக்கு ஏன் போகவேண்டும்? நம் மலைச்சாலைகளின் வளைவுகளில் அமர்ந்திருக்கும் நாட்டுக்குரங்குகளைப் பார்த்தால் போதாதா? பிஸ்கட் எறிந்து, சிரித்து, படமெடுத்துப் பழக்கியவர்கள் நாம். அது பையைப் பறித்ததும் 'தொல்லை' என்று பெயர் வைத்தவர்களும் நாமே. பழக்கியவர் ஒருநாளில் இறங்கிப் போய்விடுகிறார். பழகிய விலங்கோடு வாழவேண்டியவர் மலைவாசி.

மூன்றாம் வாதம் கனமானது: 'மலைமக்களுக்கு வருமானம் வருகிறது, அதைக் கெடுக்கலாமா?' கெடுக்கலாகாது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்தவர்கள். கடந்த சில பத்தாண்டுகளில் அந்தப் புனங்களில் பெரும்பகுதி, சேலம் நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளிக்கு மாறிவிட்டது. சிறுதானிய வகைகளைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நெடுங்காலம் உழைத்திருக்கிறது. வருமானம் என்பது அங்கே விளையாட்டுப் பேச்சன்று என்பதை நாம் அறிவோம். ஆனால் பழம் செருகும் வேலையில் அந்த இளைஞருக்குக் கிடைப்பது கூலி. அவருடைய அறிவுக்கு அங்கே விலை இல்லை. எந்த ஆலமரம் எப்போது பழுக்கும், எந்த ஓடையில் மாலையில் எது நீர் குடிக்க வரும், எந்தப் பாறைச் சரிவில் எது கூடு வைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்குப் பணம் கொடுங்கள். இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள். அவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு நடங்கள். தட்டில் தீனி வைத்தால் எவர் வேண்டுமானாலும் வழிகாட்டியாகிவிடலாம். நாளை சமவெளியிலிருந்து ஒரு முதலாளி பெரிய தட்டோடு வருவார். மரத்தையும் பருவத்தையும் அறிந்தவரின் இடத்தை அவரால் பிடிக்க முடியாது.

நான்காம் வாதம்: 'படத்தைப் பார்த்துத்தானே மக்களுக்குப் பறவைமீது அன்பு வருகிறது?' வரலாம். எந்தப் பறவைமீது என்பதே கேள்வி. சோலையில் பாதி இலைக்குள் மறைந்து, நிழலில், நொடிப்பொழுதில் பறந்துவிடும் உயிர் ஒன்று. வெளிச்சத்தில் தனிக்கிளையில் நின்று நம்மைப் பார்க்கும் பொம்மை மற்றொன்று. பின்னதைப் பார்த்துப் பழகிய கண், காட்டுக்குள் சென்றதும் 'ஒன்றுமே இல்லையே' என்று சலித்துக்கொள்கிறது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சார்ந்த உலகப் புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், 2009ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்றது வேலிக்கதவைத் தாண்டும் ஓநாயின் படம். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று முடிவு செய்து 2010 ஜனவரியில் நடுவர்கள் பரிசைத் திரும்பப் பெற்றார்கள்; எடுத்தவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2018இல் எறும்புதின்னிப் படம் ஒன்று, அதிலிருந்தது பாடம் செய்த விலங்கு என்று கண்டு நீக்கப்பட்டது. படம் அழகாக இருந்தது என்பதை இரண்டிலும் யாரும் மறுக்கவில்லை. 'இது இப்படி நடந்தது' என்று படம் பார்ப்பவருக்குக் கொடுத்த சொல் பொய்த்துவிட்டது, குற்றம் அதுதான்.

அப்படியானால் பறவையை எப்படித்தான் அழைப்பது? இடம் கொடுத்து அழைப்பது என்பதே நம் மரபின் விடை. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளுக்குத் தீனி வைத்ததில்லை. ஏரியையும் அதிலுள்ள மரங்களையும் காத்தார்கள், வேட்டைக்காரர்களை விரட்டினார்கள். அந்தக் காவலுக்கு 1798இலேயே கும்பினி ஆட்சி ஒப்புதல் அளித்தது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரமாயிற்று. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக ஊர்க்கட்டுப்பாடு. ஒரு மணி தானியமும் இறைக்காமல், ஒரு பண்டிகையின் சத்தத்தை விட்டுக்கொடுத்துப் பறவைகளை இருக்கச் செய்தவர்கள் அவர்கள்.

கொல்லிமலைக்கும் இதுவே பொருந்தும். மிளகுக்கொடி ஏற்ற ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரங்களை வரிசையாக நடும் தோட்டங்களில், இடையிடையே நான்கு முள்முருங்கை நட்டுப் பாருங்கள். அது செந்நிறமாய்ப் பூத்து நிற்கும்போது தேன்சிட்டும் மைனாவும் கரிச்சானும் அழைப்பிதழ் இல்லாமல் வரும். பழுத்த ஆலோ இச்சியோ ஒன்றிருந்தால் அதனடியில் அமைதியாக அமர்ந்திருங்கள். எந்தப் பழத்துண்டும் கூட்டாத கூட்டம் அங்கே கூடும். குறிஞ்சித் திணையின் பாடல்களில் தினைப்புனத்துப் பெண் பரணேறிக் கிளியை ஓட்டுகிறாள், கிளி வந்துகொண்டேயிருக்கிறது. கவர்வதற்கு யாரும் எதுவும் வைக்கவில்லை. நிலம் விளைந்திருந்தது, கிளி வந்தது. அந்தத் தினைப்புனங்களை மீட்பதற்கு ஒளிப்படச் சங்கங்கள் ஒரு கை கொடுத்தால், அது ஆயிரம் படங்களுக்கு நிகராகும்.

தமிழ்நாட்டில் காட்டுயிர் ஒளிப்படத்துக்கு முன்னோடி என்றால் மா. கிருஷ்ணனைச் சொல்வோம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். கறுப்பு வெள்ளையில், தாமே பொருத்திச் செய்துகொண்ட கேமராவோடு, கால்நடையாகவும் யானை முதுகிலும் காடு காடாகத் திரிந்தவர். அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். படிப்பவர்களுக்குத் தெரியும்: அவருக்குப் படம் என்பது பார்த்தலின் இறுதியில் கிடைப்பது. பார்த்தலுக்குப் பதிலாகக் கிடைப்பது அன்று.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. இரையிட்டோ குரல் ஒலிபரப்பியோ எடுத்த படமானால் அதன் கீழ் அதை எழுதுங்கள். உயிருள்ள இரையை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். கூட்டின் அருகே எதையும் வைக்காதீர்கள். கல்லூரிகளும் சங்கங்களும் நடத்தும் போட்டிகளில் இரையிட்ட படங்களை ஏற்பதில்லை என்று விதி எழுதுங்கள். செம்மேட்டின் தங்குமிடங்கள் தட்டை எடுத்துவிட்டு மரம் நடட்டும்.

இறுதியாக ஒரு பாடலைச் சொல்லி முடிக்கிறோம். முன்பு 'பார்வை' என்ற சொல்லைக் குறிப்பிட்டோம். புறநானூற்றின் 320ஆம் பாடலில், வீரை வெளியனார் காட்டும் வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு பார்வைப் பெண்மான் இருக்கிறது. அதனை நாடி ஒரு காட்டு ஆண்மான் வந்துவிட்டது. வேட்டுவன் கொடிநிழலில் உறங்குகிறான். அவன் மனைவி இரண்டையும் காண்கிறாள். கணவன் விழித்துவிடுவானோ, மான் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி அசையாமல் இருக்கிறாள். அவள் அசையாததைக் கண்டு, தோலில் உலரப் போட்டிருந்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து கொத்தித் தின்கின்றன. அந்தத் தினை பறவைக்கென்று வைத்ததன்று, வீட்டு உணவு. அதை இழந்தும் அவள் அசையவில்லை. கண்ணி வைத்த முற்றத்திலேயே, கண்ணி வைத்தவன் காணாத காட்சி அவளுக்குக் கிடைத்தது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள் யாரிடம் பாடம் கேட்கவேண்டும் என்பதை இனி நாம் சொல்லவேண்டியதில்லை.